ஊருக்குப் போற பட்டன்

போன ஞாயித்துக்கெழம எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். கருங்குழிக்குப் போயி, பொண்ணுக்கு வளைகாப்ப முடிச்சி, சாயங்காலம் அவள வூட்டுக்கு அழைச்சிகினு வரணும்.

அவ்ளோதான். மலையப் பொரட்டுற வேல இல்ல.

எம் பொண்ணு கார்த்திகாவ கருங்குழியிலதான் கட்டிக் குடுத்துகீறோம். ஏழாம் மாசம். வளைகாப்பு மாமியார் வூட்ல. வளையலு, பொடவ, ஏழு வகை சாதம் எல்லாம் நாங்க சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து எடுத்துகினு போவணும். பன்னண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதுக்கு முன்னாடி மொத வளையல் பெத்தவ கையால ஏறணும். அது எங்க வழக்கம். இத எங்க சம்பந்தி தேவராஜு ஒரு வாரமா தெனம் போன் பண்ணி சொல்லிகினு இருந்தாரு. எங்க வூட்ல என்னமோ கடியாரமே இல்லாத மாதிரி!

போறதுக்கு காரு கீது. அதுதான் வெனையே.

எம் புள்ள சரவணன் போன வருசம் ஒரு கரண்டு காரு வாங்கினான். ரெண்டு மாசம் முன்னாடி அது நிக்கற எடத்துல, செவுத்துல, ஒரு பொட்டி வந்து மாட்டினாங்க. சாதாரணப் பொட்டின்னா காருக்கு கரண்டு ஏத்தும், அதோட சரி. இது ரெண்டு பக்கமும் வேல செய்யற பொட்டியாம். காருக்கும் ஏத்துமாம், காருலேர்ந்து திருப்பி உருவவும் செய்யுமாம். சோதனைக்குன்னு சில வூட்டுக்கு மட்டும் மாட்டறாங்க. எங்க தெருவுல எங்க வூடு ஒண்ணுதான். எனக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் பெருசாச்சி.

சரவணன் ஒரு வாரம் ட்ரெயினிங்னு வெளியூரு போய்ட்டான். சாவிய என் கையில குடுத்துட்டு, "யப்பா, காரு ஓட்டு, வேணாங்கல. பொட்டிய மட்டும் நோண்டாத"ன்னு சொல்ட்டுப் போனான்.

யாருகிட்ட சொல்றான் பாருங்க! முப்பது வருசம் மீன் லோடு வண்டி ஓட்டினவன் நானு. டேங்க தட்டினா, சத்தத்த வெச்சே எத்தினி லிட்டர் கீதுன்னு சொல்லிடுவேன்.

பொட்டி மாட்ட வந்த பொண்ணு பேரு நித்யா. சிங்கப்பெருமாள் கோயில்லேர்ந்து வந்துது. தலையில தொப்பி, கால்ல பூட்ஸு, வேலையில படு கெட்டி. பொட்டியில மூணு பட்டன். மூணுலயும் இங்கிலீசு. நான் படிச்சது மூணாங்கிளாஸு.

"யம்மா, இத தமிழ்ல எழுதி ஒட்டிட்டுப் போ. ஒவ்வொரு தடவையும் எவனையாச்சும் தேடிகினு போவ முடியாது."

தங்கமான பொண்ணு. வெள்ள டேப்ப மூணு துண்டா கிழிச்சி, பேனாவால எழுதி, பட்டனுக்குக் கீழ ஒட்டிச்சி. ஒண்ணு "வண்டி". ஒண்ணு "வீடு". ஒண்ணு "ஊர்".

"நல்லா கேட்டுக்கோங்க ஐயா. வண்டின்னா, வண்டிக்கு கரண்டு ஏறும். வீடுன்னா, கரண்டு கட்டான நேரத்துல வண்டியில இருக்கறது வீட்டுக்கு வரும். ஊர்னா..."

அந்த நேரம் பாத்து தெருவுல எறாக்காரம்மா கூவிகினு போச்சி. எறா எந்த சைசுன்னு பாக்க நான் தலைய அந்தப் பக்கம் திருப்பினேன். இந்தப் பக்கம் திருப்பறதுக்குள்ள அந்தப் பொண்ணு சொல்லி முடிச்சிட்டுது.

"புரிஞ்சுதா ஐயா?"

"ஓ!"

இந்த "ஓ" கீதே, இது எனக்கு ஒரு வியாதி. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாலும் "ஓ". பேங்குல பாரத்த நீட்டினாலும் "ஓ". கல்யாணத்துல ஐயரு சொன்னதுக்கும் ஒண்ணும் புரியாம "ஓ"ன்னேன். முப்பத்தஞ்சு வருசமா எம் பொண்டாட்டி லோகா அத சொல்லிக் காட்டிகினு கீறா.

சரி, கதைக்கு வர்றேன்.

சனிக்கெழம சாயங்காலம் ஆறு மணி. காருல முக்கால்வாசிக்கு மேலயே கரண்டு இருந்துது. நான் பொட்டி முன்னால போயி நின்னு யோசன பண்ணேன். அது வரைக்கும் சரவணன்தான் அமுக்குவான், அந்தப் பொண்ணு சொன்னது எனக்கு ஒண்ணும் ஞாபகத்துக்கு வர்ல.

வண்டின்னா வண்டி சும்மா நிக்கற நாளு. வீடுன்னா நாம வூட்ல இருக்கற நாளு. ஊர்னா ஊருக்குப் போற நாளு.

நாளைக்கு ஊருக்குப் போறோம். ஒரு பொட்டி இதுக்கு மேல இன்னாத்த தெளிவா சொல்லும்?

கைய வெக்கறேன், பின்னால லோகா குரலு.

"இன்னாய்யா நோண்டற?"

"நோண்டல. நாளைக்கு ஊருக்குப் போறோம்ல, வண்டிய ரெடி பண்றேன்."

"புள்ள தொடாதன்னு சொல்ட்டுப் போயிருக்கான்."

"நோண்டாதன்னுதான் சொன்னான். அமுக்காதன்னு சொன்னானா?"

அமுக்கினேன். பச்ச லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிச்சிது. உள்ள "உம்ம்ம்"முன்னு ஒரு சத்தம்.

"கேட்டியா? இஞ்சின் சூடாவுது."

"அதுக்கு இஞ்சினே இல்லன்னு புள்ள சொன்னானே?"

சில கேள்விக்கு பதில் சொல்லாம இருந்தாத்தான் மரியாத நிக்கும்.

ஞாயித்துக்கெழம காலையில ஆறரை மணி. நல்ல காத்து. தெருக்கோடியில வேப்பமரத்துக் கெள ஒண்ணு ஒடிஞ்சி லைன் மேல சாஞ்சிடுச்சி. "டப்"புனு ஒரு சத்தம். தெரு மொத்தமும் கரண்டு போச்சி.

உள்ளேர்ந்து லோகா அலறினா.

"அய்யய்யோ! தேங்கா பாதி அரைச்சது பாதியா மிக்சியில கீது! பட்டுப்பொடவ அயர்ன் பண்ணல! தண்ணி ஏத்தல!"

எனக்கு சட்டுனு நித்யா சொன்னது ஞாபகம் வந்துது. கரண்டு கட்டானா "வீடு". ஓடிப் போயி அமுக்கினேன். ஒரு மூச்சு வுடற நேரம். வூடு பூரா பளிச்சுனு ஆச்சி! பேன் சுத்துது, மிக்சி கத்துது, பிரிட்ஜு உறுமுது.

லோகா சமையல் ரூம்லேர்ந்து எட்டிப் பாத்தா. "பரவால்லியே"ன்னா.

முப்பத்தஞ்சு வருசத்துல இது ரெண்டாவது "பரவால்லியே".

எதிர்வூட்டு பச்சையப்பன் வாசலுக்கு வந்தான். மீன் ஏவாரம் பண்றவன், என்னைவிட பத்து வயசு சின்னவன்.

"அண்ணாத்த, இன்னா உன் வூட்ல மட்டும் பேன் சுத்துது? இன்வெர்ட்டரா?"

"காரு."

"காரா?"

"காருதான். எம் புள்ள காரு வூட்டுக்கே கரண்டு குடுக்கும்."

நான் சாதாரணமாத்தான் சொன்னேன். பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டுதுன்னு அப்பால சொன்னாங்க.

கால் மணி நேரத்துல எங்க வாசல் ரேஷன் கடையாட்டம் ஆயிடுச்சி. ஒருத்தன் செல்லு சார்ஜு போட வந்தான். அவன் பின்னால ஒம்பது செல்லு வந்துது. பச்சையப்பன் சம்சாரம் மசாலா அரைக்க ஜாரோட வந்துது. நாலு பொம்பளைங்க கொடத்த எடுத்துகினு வந்தாங்க, மோட்டார போட்டேன். ஒருத்தரு ட்ரிம்மர எடுத்தாந்து எங்க கண்ணாடியிலயே பாத்து தாடி வழிச்சிகினாரு. சட்ட, வேட்டின்னு அயர்ன் பண்ண ஒரு வரிச நின்னுது.

நான் கல்யாண மண்டபத்துக்காரன் மாதிரி நடுவுல நின்னுகினு, "வாங்க வாங்க, கூச்சப்படாதீங்க! நல்லா சூடு வெச்சி தேயுங்க!"ன்னு உபசரிச்சிகினு கீறேன்.

எட்டரை ஆச்சி. ஏழு சாதமும் ஏழு தூக்குல ஏறியாச்சி. வளையல் பொட்டி, பூவு, பழத்தட்டு எல்லாம் பின் சீட்டுல. லோகா பட்டுல முன் சீட்டுல. நான் ஸ்டார்ட் பட்டன அமுக்கினேன்.

முன்னாடி தெரையில பேட்டரி படத்துக்குப் பக்கத்துல "4"ன்னு காட்டிச்சி. அதுக்குக் கீழ "12".

"லோகா, இது பன்னண்டுன்னு காட்டுதே. பன்னண்டு மணிக்குத்தான் போய் சேருவோம்னு சொல்லுதோ?"

லோகா எட்டாவது வரைக்கும் படிச்சவ. குனிஞ்சி பாத்தா.

"பன்னண்டு கிலோமீட்டர்னு எழுதி கீது. இன்னும் பன்னண்டு கிலோமீட்டர்தான் ஓடுமாம்."

"கருங்குழி?"

"அம்பது."

எறங்கி வந்து நித்யாவுக்கு போன் போட்டேன். பாவம், ஞாயித்துக்கெழம, அந்தப் பொண்ணு அப்பத்தான் எழுந்துருக்கும் போல.

"யம்மா, உன் பொட்டி எங்க காலை வாரி வுட்டுடுச்சி. நேத்து ஃபுல்லா இருந்த கரண்டு இன்னிக்கு இல்ல."

"நேத்து எந்த பட்டன அமுக்குனீங்க ஐயா?"

"ஊரு."

"ஏன் ஊரு?"

"ஊருக்குப் போறோம்ல?"

லைன் கட்டாயிடுச்சோன்னு "அலோ, அலோ"ன்னேன்.

"இருக்கேன் ஐயா. எந்த ஊருக்குப் போறீங்க?"

"கருங்குழிக்கு."

"ஐயா... அது நீங்க போற ஊரு இல்ல."

"வேற எந்த ஊரு?"

"நீங்க இருக்கற ஊரு. சாயங்காலம் எல்லார் வீட்லயும் லைட்டு, ஏசின்னு ஒரே நேரத்துல போடுவாங்கல்ல? அப்ப லைனுக்கு பாரம் ஜாஸ்தி. அந்த நேரத்துல உங்க காருலேர்ந்து கரண்ட எடுத்து ஊருக்குக் குடுக்கறதுதான் அந்த பட்டன். அன்னிக்கே சொன்னேன், நீங்க 'ஓ'ன்னு சொன்னீங்க."

"சொன்னேன், சொன்னேன்."

"அதுவும் அஞ்சுல ஒரு பங்குக்குக் கீழ ஊருக்குப் போகாம பூட்டி வெச்சிருக்கேனே ஐயா. அந்த மிச்சம் இருந்தா கருங்குழிக்குப் போய்டலாமே. அது எங்க போச்சு?"

நான் திரும்பிப் பாத்தேன். எங்க வாசல்ல அயர்ன் பண்ண வேட்டி மடிப்போட பத்து பேரு. தாடி வழிச்ச மூஞ்சி ஒண்ணு. ரொம்பின கொடம் இருவது.

"அது... இங்கதாம்மா கீது. சுத்தி நிக்குது."

பச்சையப்பன் வூட்டுப் பக்கம் கண்ணு போச்சி. போன மாசம் புது ஏசி மாட்டினான். நேத்து சாயங்காலம் குளுகுளுன்னு கதவ சாத்திகினு சீரியல் பாத்தது அவன். குளுரெல்லாம் என் காருது!

அப்பத்தான் அடுத்த எடி வுழுந்துது. தெருக்கோடியிலேர்ந்து லைன்மேன் ஏகாம்பரம் வேக வேகமா வர்றாரு. மரக்கெளய வெட்ட வந்தவரு. கையில நீட்டுக் கொம்பு.

"எந்த வூட்ல மோட்டார் ஓடுது? நான் லைன ஆஃப் பண்ணி வெச்சிகீறேன், இங்க ஜெகஜோதியா கீது! யார்யா கொக்கி போட்டது?"

எல்லாரும் ஒரே நேரத்துல என்னைக் காட்டினாங்க. மசாலா அரைச்ச ஜாரு கூட என் பக்கம்தான் திரும்பிச்சி.

"நான் கொக்கி போடல அண்ணாத்த! நான் எடுக்கல. குடுத்துகினு கீறேன்!"

"இன்னாத்த?"

"கரண்ட."

"யாருக்கு?"

"நேத்து ஊருக்கு. இன்னிக்கு வூட்டுக்கு."

ஏகாம்பரம் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. பொட்டிய பாத்தாரு. காரப் பாத்தாரு.

"இத்தினி வருச சர்வீசுல கொக்கி போட்டு எடுக்கறவன எத்தினியோ பேர புடிச்சிகீறேன். குடுக்கறவன இன்னிக்குத்தான்யா பாக்கறேன்."

நித்யா போன்லயே ஸ்பீக்கர்ல வெளக்கம் சொல்லிச்சி. கரண்டு கட்டானா பொட்டி தானா லைன வுட்டுப் பிரிஞ்சிடும், வூட்டத் தாண்டி ஒரு பொட்டு கூட வெளிய போவாதுன்னு. ஏகாம்பரம் பொறுமையாத்தான் கேட்டாரு.

"நீ சொல்றது சரியாத்தாம்மா இருக்கும். ஆனா லைன் மேல கைய வெக்கறது நானு. மொதல்ல பொட்டிய நிறுத்தச் சொல்லு. அதுக்கு அப்பாலதான் கெளய வெட்டுவேன்."

இதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. அவரு உசுரு அவருக்கு. பொட்டிய நிறுத்தினேன்.

நிறுத்தினதும் வாசல்ல ஒரே கூச்சல். "அண்ணாத்த, என் செல்லு இருவதுலயே நிக்குது!" "மாமா, ஒரு கை தேச்சேன், இன்னொரு கை பாக்கி!" காலையில என்னை வள்ளல்னு சொன்ன வாயெல்லாம் இப்ப வேற சொல்லிச்சி.

லோகா காருலேர்ந்து எறங்கவே இல்ல. வளையல் பொட்டிய மடியில வெச்சிகினு ஒக்காந்துட்டா. கோவமா இருந்தா எனக்குப் பழக்கம், சமாளிப்பேன். கோவம் இல்ல.

"எம் பொண்ணு வெறுங்கையோட வாசலப் பாத்துகினு ஒக்காந்துருப்பாய்யா."

அதுக்கு அப்பால எனக்கு சிரிப்பு வர்ல.

ஆட்டோ ஸ்டாண்டுக்கு போன் போட்டேன், காரு வாடகைக்கு வுடறவனுக்குப் போட்டேன். முகூர்த்த நாளு. ஒரு வண்டி இல்ல. பச்சையப்பன் முன்னால வந்தான்.

"அண்ணாத்த, என் மீன் வண்டி கீது. நேத்துதான் கழுவினேன். தாராளமா எடுத்துகினு போ."

லோகா வண்டிய எட்டிப் பாத்தா. மூக்க மூடிகினா.

"பச்சையப்பா, உன் மனசுக்கு நல்லாரு. ஆனா இந்த மாசத்துல அவளுக்கு மீன் வாட பட்டாலே கொமட்டுது. சாயங்காலம் இதுல எப்பிடி அவள ஏத்திகினு வர்றது?"

முப்பது வருசம் மீன் வண்டி ஓட்டி வளத்த பொண்ணு! அதுக்கு மீன் வாட ஆவாதாம்! அதுவும் சரிதான், புள்ளத்தாச்சிகிட்ட நியாயம் பேச முடியுமா?

ஒம்பதரைக்கு கரண்டு வந்துது. ஏகாம்பரம் மரத்தடியிலேர்ந்து கைய ஆட்டினாரு. "இப்ப எடுத்துக்கோய்யா! எடுக்கறதுன்னா எனக்கு பயம் இல்ல!"

ஓடிப் போயி "வண்டி" பட்டன அமுக்கினேன். நித்யா போன்லயே கணக்கு சொல்லிச்சி. "ஒரு மணி நேரம் போட்டு எடுங்க ஐயா. ஏசி போடாதீங்க. வேகமா போகாதீங்க. போய் சேந்துடலாம்." சேந்துடலாம்னு சொல்றப்ப அந்தக் கொரல்ல ஒரு சின்ன நடுக்கம் இருந்துது. நான் கவனிக்காத மாதிரி வுட்டுட்டேன்.

பத்து மணிக்கு சம்பந்தி போன்.

"இன்னா சம்பந்தி, எங்க கீறீங்க?"

"வந்துகினே கீறோம் சம்பந்தி. திருக்கழுக்குன்றம் தாண்டறோம்."

பச்சையப்பன் சரியா அந்த நேரம் பக்கத்துல வந்து கத்தினான். "அண்ணாத்த! உன் வூட்டு மாடியில என் செல்லு கீது, எடுத்துக்கறேன்!"

"யாரு சம்பந்தி அது?"

"ரோட்டுல எவனோ. ஜனம் ஜாஸ்தி."

பத்து நாப்பதுக்கு கெளம்பினோம். தெரையில அம்பத்துமூணு கிலோமீட்டர். போவ வேண்டியது அம்பது சொச்சம். அந்த சொச்சம் எவ்ளோன்னு மட்டும் யாருக்கும் தெரியல.

மண்டைய பொளக்குற வெயிலு. ஏசி இல்ல. பின்னால ஏழு தூக்கும் ஆவி வுடுது. புளி சாத வாசன ஒரு பக்கம், சக்கரப் பொங்கல் வாசன ஒரு பக்கம். லோகாவுக்கு பட்டுப்பொடவ ஒடம்போட ஒட்டிப் போச்சி. என் கண்ணு ரோட்டுல பாதி, நம்பர்ல பாதி.

கொஞ்சம் மிதிச்சா நம்பர் ரெண்டு எறங்குது. மொள்ளப் போனா அப்பிடியே நிக்குது. பழைய மொபெட்ல போன ஒரு பெரியவரு எங்கள முந்திகினு போயி, திரும்பி ஒரு பார்வ பாத்தாரு. பரிதாபமான பார்வ.

"லோகா, வெயிட்டு கொறஞ்சா ஓடும் போல கீது. அந்த சாம்பார் சாதத்த நாம சாப்ட்டுடலாமா?"

"வவுத்துக்குள்ள போனாலும் வண்டியிலதான்யா கீது!"

எட்டாவது படிச்சவ படிச்சவதான்.

செங்கல்பட்டு தாண்டி பாலாத்துப் பாலத்துல எறங்கும்போது ஒரு அதிசயம். நம்பர் ஒண்ணு ஏறிச்சி! எறக்கத்துல இது தானா கரண்டு சேத்துக்குமாம். "ஏறிச்சி, ஏறிச்சி!"ன்னு நான் போட்ட கூச்சல்ல பக்கத்துல வந்த பஸ்சு டிரைவர் ஒதுங்கிப் போனாரு. கருங்குழி வரைக்கும் எறக்கமாவே ரோடு போட்டுருந்தா எவ்ளோ நல்லாருக்கும்!

போடல.

கருங்குழி திருப்பத்துல நம்பரே போயி ரெண்டு கோடு வந்துது. அதுக்குப் பக்கத்துல மஞ்சக் கலர்ல ஒரு ஆமை பொம்ம.

நான் கடலோரத்துல பொறந்தவன். ஆமை முட்ட போட வர்றத எத்தினியோ தடவ பாத்துகீறேன். காருக்குள்ள ஆமைய பாத்ததில்ல. பாத்த ஒடனே இன்னா அர்த்தம்னு புரிஞ்சிடுச்சி. காலு எவ்ளோ அமுக்கினாலும் வண்டி நடக்கற வேகத்துக்கு மேல போவல.

சம்பந்தி வூட்டுத் தெரு நீட்டுத் தெரு. பாதியிலயே பொம்பளைங்க ஆரத்தித் தட்டோட எதிர வந்துட்டாங்க. நாங்க உருள்றோம், அவுங்க கூடவே நடந்து வர்றாங்க. ரெண்டு பக்க வூட்லேர்ந்தும் ஜனம் எட்டிப் பாக்குது. நான் வேற வழியில்லாம கும்புடு போட்டுகினே வந்தேன்.

வாசல்ல சம்பந்தி, புது வேட்டி, தோள்ல துண்டு.

"இன்னா சம்பந்தி! தேரு மாதிரி அசைஞ்சி அசைஞ்சி வர்றீங்க!"

"புள்ளத்தாச்சி வூட்டுக்கு சீரு எடுத்துகினு வர்றோம். தடதடன்னு வந்தா நல்லாவா இருக்கும்?"

"இல்ல இல்ல. இதுதான் மரியாத. பாருங்கடா, பெரிய மனுசன் வர்ற அழக!"

லோகா அதுக்கெல்லாம் நிக்கல. வண்டி ஓடிகினு இருக்கும்போதே கதவத் தொறந்து எறங்கினா. ஓடற வண்டியிலேர்ந்து பட்டுப்பொடவயோட எறங்கறது சாதாரண விசயம் இல்லன்னு நீங்க நெனைக்கலாம். எங்க வண்டி போன வேகத்துக்கு கொழந்த கூட எறங்கும். வளையல் பொட்டியோட நேரா உள்ள போய்ட்டா.

நான் உள்ள நொழஞ்சப்ப செவுத்துக் கடியாரத்துல பன்னண்டுக்கு எட்டு நிமிசம். கார்த்திகா மனையில ஒக்காந்து கைய நீட்டிகினு இருந்தா. கன்னத்துல சந்தனம். லோகா மொத வளையல போட்டா. பச்சக் கண்ணாடி வளையலு. அது வெரல் முட்டியத் தாண்டி உள்ள எறங்கின அப்பாலதான் நான் மூச்சே வுட்டேன். வேர்வைய தொடச்சேன், கண்ணு பக்கமும் ரெண்டு தடவ தொடச்சேன். வெயிலு ஜாஸ்தி.

சாப்பாடு ஆச்சி. சம்பந்திய ஓரமா கூட்டிகினு போனேன்.

"சம்பந்தி, ஒரு பிளக் பாயிண்டு வேணும்."

"செல்லுக்கா?"

"காருக்கு."

ஒயர நீட்டி, ஜன்னல் வழியா வுட்டு, அவுரு வூட்டு ஏசி பிளக்குல சொருவினோம். கூடத்துல ஏசி நின்னுது. வந்த ஜனம் மொத்தமும் விசிறிய தேட ஆரம்பிச்சிது. சம்பந்தி மீட்டரு முன்னால போயி நின்னாரு. செவப்பு லைட்டு படபடன்னு அடிக்குது. நகரவே இல்ல மனுசன்.

"இன்னா சம்பந்தி இது? பொண்ண கூட்டிகினு போறீங்க, சரி. எங்க வூட்டு கரண்டயுமா?"

அந்த நேரம் லோகா கடைசி பந்தியில ஒக்காந்து சாத வகையெல்லாம் வந்த கதைய ஆதியோட அந்தமா சொல்லிகினு இருந்தா. ஊரு பட்டன், செல்லு, தாடி, லைன்மேன், ஆமை, ஒண்ணு வுடல. கூடம் பூரா சிரிப்பு. தேவராஜு திரும்பி என்னைப் பாத்தாரு.

"தேரா சம்பந்தி அது?"

நான் பாயசம் கேக்கற சாக்குல அந்தப் பக்கம் போய்ட்டேன்.

நாலே காலுக்கு, ராகு காலம் பொறக்கறதுக்கு முன்னாடி, பொண்ண ஏத்திகினு கெளம்பினோம். ஏசி போட்டேன். வூடு போயி சேர்ற அளவுக்கு தாராளமா ஏறி இருந்துது. லோகா அசதியில தூங்கிட்டா. பின் சீட்டுல கார்த்திகா கைய அசைக்கும்போதெல்லாம் வளையல் சத்தம். எனக்கு அது போதும். காலையிலேர்ந்து பட்டது எல்லாம் போச்சி.

கொஞ்ச தூரம் வந்ததும் அவ செல்லத் தொறந்து என் கிட்ட காட்டினா.

"யப்பா, இந்த காருல எவ்ளோ கரண்டு கீது, எங்க போவுதுன்னு இதுல தெரியும். சரவணன் என் செல்லுலயும் போட்டுக் குடுத்துகீறான்."

"அப்பிடியா? நல்லதா போச்சி."

"நேத்து சாயங்காலமே பாத்துகினுதான் இருந்தேன். எம்பது, அறுபது, நாப்பதுன்னு எறங்கிகினே போச்சி."

நான் பிரேக்க அமுக்கி ஓரமா நிறுத்திட்டேன்.

"பாத்தியா? பாத்துட்டு ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"நீதான் கறிவேப்பில கேட்டா கூட கொத்த எண்ணிக் குடுக்கற ஆளாச்சே. மொத தடவையா ஊருக்கு வாரி வுட்டுகினு கீற. பேரப்புள்ள வரப் போவுதுன்னு மனசு எளகிடுச்சின்னு நெனச்சேன். அத ஏன் கெடுப்பானேன்னு வுட்டுட்டேன்."

ஏழாம் மாசம் பொண்ண எதுக்கு அம்மா வூட்டுக்கு அழைச்சிகினு வர்றாங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சிது: அப்பன் மேல ஒரு கண்ணு வெக்கத்தான்.